எதிர்ப்பக்கத்துக் கைகள்

எதிர்ப்பக்கத்து வலது கையுறை பெட்டிக்குள் போயிருந்தது.

வேறு யாராவது பார்த்திருந்தால் இதிலென்ன அதிசயம் என்று கேட்டிருப்பார்கள். ஆய்வகத்தில் தனியாக இருந்த அவள் இரண்டடி பின்வாங்கினாள். மேசை மேல் நிற்கும் அந்தப் பெரிய கண்ணாடிப் பெட்டிக்குள் எந்நேரமும் நைட்ரஜன் நிரம்பியிருக்கும். உள்ளே அழுத்தம் வெளியைவிடச் சற்றே அதிகம். அதனால் பெட்டியில் பொருத்திய நீளமான கறுப்பு ரப்பர் கையுறைகள், இந்தப் பக்கம் இரண்டும் அந்தப் பக்கம் இரண்டும், ஆளில்லாத நேரத்தில் உப்பிப்போய் விரல்களை விரித்தபடி அறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் அதைப் பார்த்துப் பதறி, பிறகு வாரக்கணக்கில் கேலிக்கு ஆளாவார்கள். கையை நுழைத்துத் தள்ளினால்தான் கையுறை உள்ளே போகும். கையை உருவிய மறுநொடி வாயு அதை வெளியே தள்ளிவிடும். ஒரு கையுறை உள்ளேயே நிற்க வேண்டுமென்றால் அதற்குள் ஒரு கை இருந்தாக வேண்டும்.

மற்ற மூன்றும் வழக்கம்போல விறைத்துக்கொண்டு வெளியே நின்றன.

எங்கேயாவது மடிந்து சிக்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கண்ணாடியை விரல் முட்டியால் தட்டினாள். அந்தக் கையுறை மெல்ல, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு விரலாகப் பின்வாங்கி வெளியே வந்து உப்பியது. எதிர்ப்பக்கத்து முக்காலி காலியாகத்தான் இருந்தது. அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

வெளியே மழை காலையிலிருந்து ஓயவில்லை. சாயங்காலம் ஆவதற்குள்ளேயே அறை இருட்டிக்கொண்டு வந்தது. சுவர் வியர்த்திருந்தது. சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. புது சிலிண்டர் ஏற்றிய வண்டி வெள்ளத்தில் எங்கோ மாட்டிக்கொண்டு நின்றது. நைட்ரஜன் தீர்ந்தால் பெட்டிக்குள் ஈரம் புகும். ஈரம் புகுந்தால் உள்ளே இருக்கும் புட்டி சும்மா இருக்காது.

புட்டியில் இருந்தது அயனித் திரவம். உப்புதான், ஆனால் சூடே காட்டாமல் எண்ணெய்போல உருகிக் கிடக்கிற உப்பு. ஆவியாகாது, மணக்காது, சிந்தினால் மாதக்கணக்கில் காயாது. பார்த்தால் பரம சாது. ஆனால் அதில் ஃப்ளோரின் இருந்தது. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் குடித்து, தனக்குள்ளேயே ஓர் அமிலத்தை உண்டாக்கிக்கொள்ளும். அது கண்ணாடியையே அரிக்கும். தோலில் பட்டால் முதலில் வலிக்காது. சத்தம் போடாமல் எலும்புவரை இறங்கி, உடம்பிலுள்ள கால்சியத்தை எல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்ட பிறகுதான் தெரியவரும்.

அண்ணிக்கு அப்படித்தான் தெரியவந்தது.

அண்ணி என்றால் அவள் கணவனுடைய அக்கா. இதே அறையில், இதே பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்தவள். இவள் பிரசவ விடுப்பில் இருந்தபோது, யாரோ மூடியைச் சரியாகத் திருகாமல் வெளி அலமாரியில் விட்டிருந்த பழைய புட்டி ஒன்று அண்ணியின் இரண்டு கைகளிலும் மடியிலும் கொட்டியது. எரியவில்லை. நாறவில்லை. அண்ணி துணியால் துடைத்துவிட்டு, பேருக்குக் கையை அலம்பிக்கொண்டு, மிச்ச வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தாள். விடிவதற்குள் இதயம் நின்றுவிட்டது. அதற்கு மருந்தான கால்சியம் களிம்பு இழுப்பறையில் பிரிக்காமலேயே கிடந்தது. அதற்கடுத்த வாரம்தான் இவளுக்குப் பாப்பா பிறந்தாள்.

துறைத்தலைவருக்குப் போன் போட்டாள்.

"தனியா திறந்துடாதம்மா. ஒருத்தர் புட்டியைப் பிடிக்கணும், ஒருத்தர் ஊத்தணும். அதானே வழக்கம்? யாரையாவது அனுப்பப் பாக்குறேன்."

"தெருவெல்லாம் தண்ணி சார். யார் வருவாங்க? காஸ் தீர்ந்துடும் போலருக்கு. சின்னக் குடுவைங்களுக்கு மாத்தி சீல் வெச்சுட்டா போதும்."

"பாத்தும்மா... பாத்து."

அதாவது, செய்துகொள், ஆனால் நான் சொல்லிச் செய்ததாக இருக்கக் கூடாது. அவருடைய 'பாத்தும்மா'வுக்கு இங்கே எல்லோருக்கும் அர்த்தம் தெரியும். வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொன்னாள். கணவன் கொட்டாவி விட்டபடி பேசினான். பின்னால் பாப்பா வீறிட்டுக்கொண்டிருந்தாள்.

"தொட்டில்ல போட்டாலும் அழறா, தூக்கினாலும் அழறா. நீ எப்போ வருவே?"

"முடிச்சுட்டு ஓடி வந்துடுறேங்க."

மெல்லிய கையுறைகளை முதலில் மாட்டிக்கொண்டாள். பிறகு பெட்டியின் கையுறைகளுக்குள் கையை நுழைத்துத் தள்ளினாள். ரப்பரின் சில்லிப்பு முழங்கைவரை ஏறியது. புட்டியைத் தன் பக்கம் இழுத்தபோது கவனித்தாள், அதன் உள்பக்கக் கண்ணாடி மங்கியிருந்தது. மூச்சு விட்டால் சன்னலில் படிகிற மங்கல் இல்லை இது. அரித்த மங்கல். திரவமும் முன்பு பார்த்ததைவிட ஏறியிருந்தது. குடித்திருக்கிறது. எங்கிருந்து குடித்தது என்று யோசிக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

இடது கையால் புட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் மூடியைத் திருகினாள். அசையவில்லை. இன்னும் அழுத்தினாள். புட்டி வழுக்கியது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அது சாய்ந்து விளிம்பில் நின்றது.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கறுப்புக் கை நீண்டு வந்து அதைப் பிடித்துக்கொண்டது.

அவள் தலையைத் தூக்கவில்லை. பார்வை புட்டியின் மேலேயே உறைந்து நின்றது. இன்னொரு கையும் வந்தது. சுருக்கமில்லாமல் நிறைந்த கையுறைகள், விரல் முட்டிகள் புடைத்துத் தெரியும்படி நிறைந்தவை. வலது கை ஆள்காட்டி விரலால் மூடியின் மேல் லேசாகத் தட்டியது. அண்ணி எந்த மூடியைத் திறந்தாலும் முதலில் அப்படித் தட்டுவாள். 'எழுந்திருடா, வேலைக்கு நேரமாச்சு' என்று புட்டியிடம் சொல்வாள். அதைச் சொல்லி எத்தனை நாள் சிரித்திருக்கிறார்கள்.

மழையின் சத்தம் மட்டும். பெட்டிக்குள் வாயு இறங்கும் சன்னமான சீறல். வேறு யாருடைய மூச்சும் கேட்கவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் பார்க்க வேண்டும். நிமிர்ந்தால் போதும். அவளால் முடியவில்லை.

அந்தக் கைகள் மூடியைத் திருகித் திறந்து, புட்டியைச் சாய்த்துக் கொடுத்தன. அவள் குடுவையை நீட்டினாள். வேறென்ன செய்வாள்? பாதியில் விட்டால் எல்லாம் கொட்டும். திரவம் நூலாக இறங்கியது. ஒரு குடுவை நிறைந்ததும் அந்தக் கைகள் நிறுத்தின, அவள் அடைப்பானைப் பொருத்தினாள், அடுத்ததை நீட்டினாள். முன்பெல்லாம் எப்படியோ அப்படியே, பேச்சே தேவைப்படாமல். பயத்துக்கு நடுவே அவளுக்கு அழுகை முட்டியது. இத்தனை நாளும் அவள் தவித்ததெல்லாம் இந்த இரண்டு கைகளுக்காகத்தானே.

கடைசிக் குடுவையும் மூடியாயிற்று.

கைகள் போகவில்லை.

அவை அவளுடைய மணிக்கட்டுகளைப் பிடித்தன. வலிக்கும்படி இல்லை. ரப்பருக்கு மேல் ரப்பர். பிறகு விட்டுவிட்டு, உள்ளங்கைகளை மேல்நோக்கித் திருப்பின. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டன. இடமும் வலமுமாக மெல்ல ஆடின.

அவளுக்குப் புரிய சற்று நேரம் பிடித்தது. தாலாட்டுகிற ஆட்டம் அது. ஆடிவிட்டு நின்று, வெறுமையாக அவளை நோக்கி நீண்டன. கேட்டன.

பயம் ஒரு பக்கம், பாவம் என்கிற நினைப்பு ஒரு பக்கம். குழந்தைக்கு முதல் சட்டை தைத்து வைத்துவிட்டுப் போன மனுஷி. அத்தை என்று கூப்பிட ஓர் உயிர் வரப்போகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள்.

"அண்ணி," என்றாள். "பாப்பா நல்லாருக்கா. உங்க ஜாடைதான். நீங்க தூக்கவே இல்லையே அண்ணி... ஒரே ஒரு தடவை வந்து தூக்கிக்கோங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கைகள் ஆடுவதை நிறுத்தின.

அடுத்த நொடி எதிர்ப்பக்கத்துக் கையுறைகள் இரண்டும் வெளியே தெறித்தன. காலியாக. விரல்களை விரித்துக்கொண்டு.

அவள் தன் கைகளை உருவிக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். முக்காலி காலி. கதவு சாத்தியிருந்தது. போய்விட்டாள், போய்ச் சேர்ந்துவிட்டாள், அதற்குத்தான் காத்திருந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கைப் போட்டாள்.

கதவின் கைப்பிடி பளபளத்தது.

கிட்டே போனாள். ஈரம். பக்கத்தில் கதவுப் பலகையில் ஐந்து விரலும் பதிந்த ஈரம். மழை ஈரமென்றால் வழிந்திருக்கும். இது வழியவில்லை, எண்ணெய்போலத் தங்கி நின்றது. குனிந்து முகர்ந்தாள். வாசனை இல்லை. நீல லிட்மஸ் தாளை இடுக்கியால் எடுத்து அதன் மேல் வைத்தாள்.

வைத்த கணமே சிவந்தது.

துடைத்துக்கொண்ட கைகள். பேருக்கு அலம்பிய கைகள். அதே கைகளோடுதான் அண்ணி போனாள். அதே கைகளோடுதான்...

போன் அடித்தது.

"அப்பாடா," என்றான் கணவன். "ஒருவழியா அழுகையை நிறுத்திட்டா. திடீர்னு கையைத் தூக்கிட்டு ஒரே சிரிப்பு. எனக்குப் பின்னாடி யாரையோ பாக்குற மாதிரி."

"என்னங்க..."

"அவ சட்டைதான் ரெண்டு பக்கமும் ஈரமாயிட்டுது. பால் கக்கினாளோன்னு பாத்தேன், வாசனையே இல்ல. துடைக்கத் துடைக்க ஈரமாவே இருக்கு."

"தொடாதீங்க! சட்டையைக் கிழிச்சு எறிங்க, குழாயடியில பிடிங்க! ஓடுங்க!"

"என்னாச்சு உனக்கு? இப்பதான் கண்ணசந்தா. வலிச்சா அழ மாட்டாளா? இரு, நீயே பாரு."

திரை வெளிச்சமானது. தொட்டில். மஞ்சள் சட்டை. இரண்டு அக்குளுக்கும் கீழே, விலா எலும்பின் மேல், பெரிய பெரிய விரல் தடங்கள் பளபளத்தன. பாப்பா தூக்கத்தில் சிரித்தாள்.

"சொல்றதைக் கேளுங்க. தண்ணி. உடனே தண்ணி."

"சரி சரி, துண்டை எடுத்துக்கறேன்..."

திரை ஆடியது. அவன் ஒரு கையில் போன். மறு கையில் துண்டு. இரண்டையும் அவள் பார்த்தாள்.

சட்டை இருபுறமும் உள்ளே அமுங்கியது.

குழந்தையின் முதுகு மெத்தையை விட்டு எழும்பியது. தலை லேசாகப் பின்னால் சாய்ந்தது. சாய்ந்த தலை விழாமல் நின்றது, பின்னந்தலையில் யாரோ பக்குவமாகக் கை கொடுத்ததுபோல. கணவனின் மூச்சு நின்றது போனில் கேட்டது. பாப்பா எழும்பினாள், தொட்டிலின் விளிம்புக்கு மேலே, இன்னும் மேலே, ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு தோளைக் கண்டுபிடித்துக் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டாள்.

அந்தக் கன்னம் மெல்ல நனையத் தொடங்கியது.