எழில்மதி தோண்டிய மைன்ஸ்

நல்ல பொருள் எல்லாம் ஆழத்தில்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்பு எழில்மதிக்கு இதில் துளியும் சந்தேகம் கிடையாது. அவள் பிறந்து வளர்ந்தது நெய்வேலியில். அப்பா செங்குட்டுவன் வேலை பார்ப்பது அங்கே நிலக்கரி தோண்டும் மைன்ஸில். அவள் வேறு எப்படி நினைப்பாள்?

ஒருமுறை அப்பா அவளை மைன்ஸ் பார்க்க அழைத்துப்போனார். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தவள் திறந்த வாயை மூடவே இல்லை. அடேயப்பா, எவ்வளவு பெரிய பள்ளம்! அவர்கள் இருக்கும் பிளாக்கைத் தூக்கி உள்ளே வைத்தால்கூட ஒரு மூலைக்குத்தான் காணும். பள்ளத்தின் ஓரமெல்லாம் பெரிய பெரிய படிகள். ஒரு படியில் மாடி வீட்டைவிட உயரமான மெஷின் ஒன்று நின்று, சக்கரத்தைச் சுழற்றி மண்ணை வழித்துக்கொண்டிருந்தது. வழித்த மண்ணைக் கன்வேயர் பெல்ட் தூரமாகக் கொண்டுபோய்க் கொட்டியது.

"அந்த மாதிரி மெஷினத்தான் நான் ஓட்டுறேன்" என்றார் அப்பா. "மேல இருக்கிறதெல்லாம் வெறும் மண்ணு. ஓவர்பர்டன்னு சொல்லுவோம். அத வழிச்சித் தள்ளிட்டுக் கீழ போனாத்தான் கரி."

வெறும் மண்ணு! எழில்மதி அதை நன்றாக மனத்தில் பதிய வைத்துக்கொண்டாள். பின்னால் வந்த வம்புக்கெல்லாம் அதுதான் காரணம்.

இசைப்பிரியா அவளோடு படிப்பவள். கிராமத்திலிருந்து வீடு மாறி, கடைத்தெருவில் ஒரு மாடி வீட்டுக்குக் குடி வந்திருந்தாள். ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது, சட்டைப் பையிலிருந்து மூன்று விதைகளை எடுத்து நீட்டினாள். கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய விதைகள், செக்கச்செவேல் என்று இருந்தன.

"தம்பட்டை அவரை. காய் இம்மா நீளம் வரும்" என்று மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தொட்டுக் காட்டினாள். "இப்ப எங்க வூட்ல மண்ணே இல்ல, எல்லாம் சிமெண்ட்டு. உங்க குவார்ட்டர்ஸ் பின்னாடி எடம் இருக்குதுல்ல? நீ போடு. காய் முத்தினதும் எனக்கு விதை குடுத்துடு, சரியா?"

"கண்டிப்பா!" என்றாள் எழில்மதி.

அவள் அதுவரை ஒரு செடிகூட வைத்ததில்லை. எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் ஒன்றும் தெரியாதவள் ஆகிவிடுவோமே என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை, குவார்ட்டர்ஸ் பின்புறம் துணிக்கொடி ஓரமாக வேலை தொடங்கியது. பக்கத்து வீட்டு பிராங்க்ளின் மண்வெட்டியோடு வந்துவிட்டான். முழங்கை வரை கை போகும் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டினார்கள். மைன்ஸில் இருப்பது போலவே ஓரத்தில் மூன்று படிகள். எழில்மதி படிக்கு ஒரு விதையைப் படுக்க வைத்தாள்.

"சூப்பர்! கன்வேயர் பெல்ட் ஒண்ணுதான் பாக்கி" என்றான் பிராங்க்ளின்.

மண்ணைத் தள்ளி மூடினார்கள். அதன் மேல் ஏறி நின்று நன்றாக மிதித்தார்கள். பிராங்க்ளின் குதி குதி என்று குதித்தான்.

எழில்மதி தினமும் தண்ணீர் ஊற்றினாள். தினமும் குனிந்து பார்த்தாள். செம்மண் செம்மண்ணாகவே இருந்தது.

"வந்துடுச்சா?" என்று இசைப்பிரியா பள்ளியில் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வரும் வரும்" என்று எழில்மதியும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒரு வாரம் தாண்டியதும் இசைப்பிரியாவுக்குச் சந்தேகம் வந்தது. "எவ்ளோ ஆழத்துல போட்ட?"

எழில்மதி பெருமையாகத் தன் முழங்கையைத் தொட்டுக் காட்டினாள்.

"ஐயோ! ஒரு விரக்கடை போதுமே! அம்மாம் ஆழத்துலேர்ந்து அது எப்படி வெளிய வரும்?"

எழில்மதிக்குத் திக்கென்றது. "வேற விதை வெச்சிருக்கியா?"

"இல்ல. அவ்ளோதான் இருந்துச்சி."

இசைப்பிரியா திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர்க் குழாயைத் திறந்து, கழுவிய கையையே மறுபடி கழுவினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எழில்மதிக்கு.

மறுநாள் சனிக்கிழமை. விஷயம் கேட்டதும் பிராங்க்ளின் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தான். "ஒரே குத்து. மூணையும் வெளிய எடுத்துடலாம்."

"வேணாம்! விதை மேல குத்திடுச்சின்னா?"

எழில்மதி யோசித்தாள். அப்பாவின் மெஷின் எங்கேயாவது குத்துகிறதா? இல்லையே. அது மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கிறது. உடனே சமையலறைக்கு ஓடி ஒரு ஸ்பூனும் கொட்டாங்குச்சியும் எடுத்து வந்தாள்.

அவள் ஸ்பூனால் மண்ணை வழித்தாள். பிராங்க்ளின் கொட்டாங்குச்சியில் அள்ளி ஓரமாகக் கொட்டினான். கன்வேயர் பெல்ட் வேலை அவன் தலையிலேயே விழுந்தது. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு அப்பா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்ததால், இருவரும் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை.

ஒரு சாண் ஆழம் போனதும் எழில்மதியின் ஸ்பூன் நின்றது. அங்கே ஒரு பெரிய மண்கட்டி விரிசல் விட்டிருந்தது. விரிசலுக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

அவள் பக்கவாட்டில் மண்ணை மெதுவாக ஊதினாள்.

தடித்த, வெளுத்த ஒரு தண்டு! குடையின் கைப்பிடி போலக் கழுத்தை வளைத்துக்கொண்டு, தன்னைவிடப் பல மடங்கு பெரிய மண்கட்டியை முதுகால் முட்டிக்கொண்டிருந்தது. தலையை, அதாவது விதையை, இன்னும் கீழேயே தொங்கவிட்டிருந்தது.

அது உயிரோடு இருந்தது. இருட்டில், இரண்டு பேர் ஏறி மிதித்த மண்ணுக்கு அடியில், ஒருவர் உதவியும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

எழில்மதிக்கு உடம்பு சிலிர்த்தது. "டேய், உள்ள ஒரே இருட்டு. நான் படுக்கத்தானே வெச்சேன்? மேல் பக்கம் எதுன்னு இதுக்கு யாருடா சொன்னது?"

பிராங்க்ளின் கொட்டாங்குச்சியைக் கீழே வைத்துவிட்டு, மூக்கில் மண் ஒட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தான்.

"என்ன பண்ணிக்கினு இருக்கீங்க ரெண்டு பேரும்?"

அப்பா! லுங்கியோடு, தூக்கம் கலையாத சிவந்த கண்களோடு நின்றார். எழில்மதி பள்ளத்தைக் காட்டினாள். அப்பா குந்தி உட்கார்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏ எழிலு..." என்றார் கடைசியில். குரல் தாழ்ந்திருந்தது. "அம்மாம் பெரிய மெஷின வெச்சிக்கினு நான் மேலேர்ந்து கீழ வெட்டிக்கினு போறேன். கரண்டு இல்ல, ஆள் இல்ல, இது பாட்டுக்குக் கீழேர்ந்து மேல வெட்டிக்கினு வருது பாரேன்!"

மண்கட்டியைத் தூக்கிவிட அவர் கையை நீட்டினார். எழில்மதி சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. உங்க கை பெருசு. கழுத்து ஒடிஞ்சிடும். அது தானா வரட்டும்."

அப்பா நல்ல பிள்ளையாகக் கையை மடக்கிக்கொண்டார்.

கீழ்ப்படிகளில் இருந்த மற்ற இரண்டு விதைகளும் அழுகிப்போயிருந்தன. தொட்டதும் கூழாகிவிட்டன. மிஞ்சியது இந்த ஒன்றுதான். எழில்மதி அதைப் பிடுங்கவில்லை. பள்ளத்தின் ஓரங்களைச் சரிவாக்கி, மண் சரியாதபடி செய்தாள். இறுகிக் கிடந்த கட்டி இளகட்டும் என்று விரல் நுனியால் தண்ணீர் தெளித்தாள். வெயில் படாமல் ஓட்டைக் கூடை ஒன்றைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் காலை கூடையைத் தூக்கினால், மண்கட்டி இரண்டாகப் பிளந்து பக்கத்துக்கு ஒன்றாகக் கிடந்தது. நடுவில் செடி நிமிர்ந்து நின்றது. விதை இரண்டாக விரிந்து, இடையில் பச்சை இலை எட்டிப் பார்த்தது.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனதும் எழில்மதி இசைப்பிரியாவிடம் ஒன்று விடாமல் சொன்னாள். "ரெண்டு விதை செத்துடுச்சி. என் தப்புதான். எப்படிப் போடுறதுன்னு உன்னக் கேக்காம போட்டுட்டேன். ஒண்ணு மட்டும் வந்திருக்கு. அது உன் செடி. வந்து பாக்குறியா?"

சாயங்காலம் இசைப்பிரியா வந்தாள். பள்ளத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "செடிக்குப் போயி யாராச்சும் மைன்ஸ் வெட்டுவாங்களா?" பிறகு செடியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "இங்கேர்ந்தா வந்துச்சி?" என்று பள்ளத்தின் அடியை விரலால் தொட்டாள்.

தண்டு உயர உயர, இருவரும் கொஞ்சம் கொஞ்சமாக மண் அணைத்துப் பள்ளத்தை மூடினார்கள். மிதிக்கவில்லை. பிராங்க்ளினைப் பக்கத்திலேயே விடவில்லை.

கொடி கிடுகிடுவென்று துணிக்கொடியைப் பிடித்தது. அம்மா தமயந்தி துணி காயப்போட இடம் தேடி பிராங்க்ளின் வீட்டுப் பக்கம் போக வேண்டியதாயிற்று. வாள் வாளாகக் காய்கள் தொங்கின. அப்பா படம் எடுத்து, 'எங்க வூட்டுப் புது ஆபரேட்டர்' என்று ஷிப்ட் நண்பர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

சில காய்களைப் பறிக்காமல் முற்றவிட்டார்கள். காய்ந்த காயை உடைத்ததும், உள்ளே வரிசையாகச் செக்கச்செவேல் விதைகள்! எழில்மதி எல்லாவற்றையும் இசைப்பிரியாவின் கையில் கொட்டினாள்.

"மொட்டை மாடியில பழைய பெயிண்ட் டப்பா இருக்குது. அதுல போடப்போறேன்" என்ற இசைப்பிரியா, அதிலிருந்து மூன்று விதைகளை எடுத்து எழில்மதிக்கே திருப்பிக் கொடுத்தாள். "எவ்ளோ ஆழம்?"

எழில்மதி ஒரு விரலைப் படுக்க வைத்துக் காட்டினாள்.

அப்போது அப்பா மண்வெட்டியோடு வந்தார். "எங்க வெட்டணும், சொல்லு எழிலு!"

"மம்மட்டி வேணாம்ப்பா. விரலாலயே குத்துங்க. கொஞ்சமா."

அப்பா மண்வெட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். மாடி வீட்டைவிட உயரமான மெஷினை ஓட்டும் அந்தக் கை, ஒரே ஒரு விரலால், ஒரு விரற்கடை ஆழத்துக்கு, பயந்து பயந்து ஒரு குழி தோண்டியது.