தட்டில் விழுந்த பல்

காலை 9.40. சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டு. தட்டில் கடித்த ரொட்டி. ரொட்டிக்குப் பக்கத்தில் ஒரு முன்பல்.

"தம்பி குத்தின குத்துல விழுந்தது மேடம். கேஸ் போடுங்க!" கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி அண்ணன் கத்தினார்.

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் தம்பி சண்டைக்கெல்லாம் ஒரு ஜீப், ஒரு காலைப்பொழுது! ஆனால் தம்பி பள்ளி வேன் ஓட்டுபவர். கேஸ் விழுந்தால் அன்றைக்கே சாவியைப் பிடுங்கிவிடுவார்கள்.

"தொடக்கூட இல்ல மேடம். அண்ணன் மாடி ரூமைக் காலி பண்ணுன்னான், முடியாதுன்னேன். அவ்வளவுதான்."

"விரல் முட்டியில சிராய்ப்பு?"

"டயர் மாத்தினேன்."

நல்ல நேரம் பார்த்து மாற்றினான்! இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நீங்க பாத்தீங்களா?" இன்ஸ்பெக்டர் அண்ணனின் மனைவி பக்கம் திரும்பினார்.

"அடுப்படியில இருந்தேன். சத்தம்தான் கேட்டுது."

"கைக்குட்டையை எடுங்க சார்." எடுத்ததும் நாற்றம் மூக்கைத் துளைத்தது. "உதட்டுல ஒரு கீறல்கூட இல்லையே?"

"வாயைத் திறந்து கத்திட்டிருந்தேன். நேரா பல்லுல பட்டுது."

எதைக் கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. சே! இன்ஸ்பெக்டர் முகம் கழுவப் போனார். குழாயடியில் மூன்று பிரஷ். இரண்டு தேய்ந்து விரிந்திருந்தன. ஒன்று கடையில் வாங்கினபடியே நின்றது.

"இந்தப் புதுசு யாரோடது?"

"புதுசா? அவரோடதுதான், வாங்கி ஆறு மாசமாச்சு," என்றார் அண்ணி. "தேய்ச்சா ரத்தம் வருதுன்னு பட்டும் படாமலும் தேய்ப்பார்."

இன்ஸ்பெக்டர் விறுவிறுவென்று திரும்பி வந்து பல்லைக் காகிதத்தால் எடுத்து, வேரை வெளிச்சத்தில் பிடித்தார்.

"பாருங்க சார். வேர் நுனி வரைக்கும் கறுப்புக் காரை, பல் அழுக்கு இறுகினது. இது எலும்புக்குள்ள புதைஞ்சிருக்க வேண்டிய இடம். அங்க காரை படியணும்னா எலும்பு எப்பவோ போயிருக்கணும். ஒரு குத்துல காரை வராது, வருஷக்கணக்கா ஆகும்."

"எலும்பு எப்படிப் போகும்?" என்றார் அண்ணன்.

"பல்லிடுக்குல கிருமி குடியேறி விஷத்தைக் கக்கும். அந்த விஷத்தோட உடம்பு போடுற சண்டையில ஈறு வீங்கும், ரத்தம் கசியும், கடைசியில பல்லைத் தாங்குற எலும்பே கரையும். ரத்தம் வந்தப்பவே டாக்டர்கிட்ட ஓடியிருக்கணும். நீங்க தேய்க்கிறதையே விட்டுட்டீங்க. தம்பியைக் காலி பண்ணச் சொல்றீங்க, வாய்க்குள்ள இருக்கிறவங்களுக்குப் பட்டா போட்டுக் குடுத்திருக்கீங்களே! ரொட்டியைக் கடிச்சப்போ விழுந்துச்சு, இதுதான் சாக்குன்னு தம்பி மேல போட்டீங்க. சரியா?"

அண்ணன் கைக்குட்டையை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார்.

"பக்கத்துப் பல்லைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். ஆடியது. அடுத்ததும் ஆடியது. அவர் முகம் வெளுத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தம்பி அவரை முறைத்தார். பிறகு வேன் சாவியை எடுத்தார். "எந்திரிண்ணே. டாக்டர்கிட்ட போலாம். உன்னைத் திட்டுறதை வழியில திட்டிக்கிறேன்."

"உங்களுக்கு எப்படி மேடம் இதெல்லாம் தெரியும்?" என்றார் அண்ணி.

இன்ஸ்பெக்டர் வாசலுக்கு நடந்தார். பல் டாக்டர் இதையே அவரிடம் இரண்டு முறை தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். நேரமில்லை, நேரமில்லை என்று தள்ளிப்போட்டதுதான் மிச்சம். இன்று காலையும் வாய் கொப்பளித்த தண்ணீர் சிவப்பாகத்தான் போனது.

ஜீப்பில் ஏறினார்.

"ஸ்டேஷனுக்கா மேடம்?" என்றார் டிரைவர்.

"இல்லய்யா. அந்த வேன் பின்னாடியே போ."