கோண வகிடு

திருக்கோகர்ணத்திலிருந்து, மணப்பெண் அலங்காரம் செய்யும் வனிதா தன் ஸ்கூட்டியில் வந்து இறங்கியபோது, பந்தலில் சாப்பிட்ட இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். திருமயம் பக்கத்து அந்தப் பெரிய வீடு ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடப்பது. நித்யாவின் கல்யாணத்துக்காகத் திறந்து, ஒட்டடை அடித்து, சீரியல் விளக்கெல்லாம் போட்டாயிற்று. உள்ளறைகளில் மட்டும் அடைபட்ட வாசனை போகவில்லை.

நித்யா துண்டால் தலையை மூடிக்கொண்டு கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். நிச்சயத்தன்று அவளுக்கு முடி இருந்தது. பிறகு வந்த காய்ச்சல் அதைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோயிற்று. மாப்பிள்ளை உடையப்பனிடம் சொல்லவில்லை. வீடியோ காலில் உச்சியில் வெளிச்சம் படாதபடி தலையைச் சாய்த்தே பேசப் பழகியிருந்தாள். போயும் போயும் முடிக்காகவா அழுகிறாய் என்று தன்னையே கேட்பாள். ஆமாம், முடிக்காகத்தான் என்று உள்ளே ஒன்று பதில் சொல்லும்.

"துண்டை எடுங்க தங்கம். நான் பாக்காத மண்டையா?"

வனிதாவின் விரல்கள் இதமாக இருந்தன. "மெல்லிசு முடிக்குக் கனம் ஆகாது. கனத்தைத் தொங்கவிட்டா இருக்கிற வேரும் கையோட வந்துரும். சவுரியை உச்சியில வச்சா கிளிப்பு பல்லைக் காட்டிரும். காதுக்கு மேல, பின்னந்தலையில மட்டும் மூணு வரிசை. அதுக்கு மேல ஒங்க முடியவே போர்வையாப் போட்டுருவேன். மாப்பிள்ளை இழுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"இழுத்துப் பாத்துட்டார்னா?"

"மொதல்ல எனக்குப் போன் போடுங்க. நான் ஊரைவிட்டு ஓடணும்ல?"

நித்யா வெகுநாள் கழித்துச் சிரித்தாள்.

கொண்டுவந்த சவுரி முடிகளை வனிதா ஒவ்வொன்றாக அவள் முடியின் நுனியில் வைத்துப் பார்த்தாள். வேரோடு வைத்துப் பார்த்தால் எல்லாம் பொருந்துவதுபோல ஏமாற்றும், நுனியில்தான் குட்டு வெளிப்படும் என்றாள். நித்யாவின் நுனி செம்பட்டை. வந்தவையோ எல்லாம் கருகரு. வனிதா உதட்டைப் பிதுக்கினாள்.

அப்போதுதான் நித்யாவைப் பெற்ற ஆத்தா சீதை ஒரு பொட்டலத்தோடு வந்தாள். மஞ்சள் துணி. உள்ளே, சுருட்டி வைத்த நீளமான முடி. நுனியில் அதே செம்பட்டை.

"மஞ்சத்துணியில முடிஞ்சிருக்கே ஆச்சி? ஏதும் நேர்த்திக்கடனா?"

"வீட்டு முடிதான். வையிங்க, நேரமாகுது."

வனிதா ஒரு கணம் தயங்கினாள். பிறகு அதை அலசிக் காயவைத்து, மூன்று பட்டைகளில் தைத்து, கிளிப் பொருத்தினாள். நித்யாவின் முடியை வேரில் லேசாகக் கலைத்துவிட்டு, அந்தப் பிடியில் முதல் கிளிப்பைச் செருகினாள்.

பிடரியில் வெதுவெதுப்பாக இருந்தது.

இப்போதுதான் எவர் தலையிலிருந்தோ இறக்கிவைத்ததுபோல.

மூன்றாவது பட்டையும் ஏறியபோது அறையில் சாம்பிராணி மணந்தது. யாரும் போட்டிருக்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த தன்னை நித்யா கண்கொட்டாமல் பார்த்தாள். அழகாக இருந்தாள். அந்த அழகு அவளைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னது.

நெற்றிச்சுட்டி வைக்க வனிதா நடுவகிடு எடுத்தாள். சுட்டியை எடுக்கத் திரும்பி வந்தபோது வகிடு இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"தலையை ஆட்டுனீங்களா?"

"இல்லக்கா."

மறுபடி சீவினாள். நடுவகிடு. இருவரும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மின்விசிறிகூட ஓடவில்லை.

மெல்ல, இழை இழையாக, முடி நகர்ந்தது.

யாரோ சீப்பின் நுனியால் பொறுமையாக வகிடு எடுப்பதுபோல.

நித்யாவின் மண்டையில் அந்தக் கோடு குளிர்ந்தது.

பூவோடு உள்ளே வந்த சீதை நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அவள் பார்வை மகளின் தலையிலிருந்து சுவரிலிருந்த படத்துக்குப் போயிற்று. நித்யாவைப் பெற்ற அப்பச்சியின் அக்கா, உமையாள். பின்னலை முன்னால் போட்டு, இடப்பக்கம் கோண வகிடு எடுத்த பெண். கல்யாணம் ஆகாமலே போய்ச் சேர்ந்தவள்.

"ஆத்தா, இது யாரு முடி?"

சீதை படத்தைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினாள். "ஒங்க அப்பச்சி சின்னப் பிள்ளையில நெனவு தப்பிக் கெடந்தாகளாம். பொழைச்சா எம் முடிய பழனியில எறக்குறேன்னு இவுக வேண்டிக்கிட்டாக. தம்பி எந்திரிச்சிட்டாக, இவுக படுத்துட்டாக. போறதுக்கு முன்னாடி முடிய வெட்டி மஞ்சத்துணியில முடிஞ்சு வச்சாக, கோயில்ல சேக்கணும்னு. இந்தா அந்தான்னு நாள் போயிருச்சு. வீட்டுப் பொண்ணுக்குத்தானே, கல்யாணம் முடிஞ்சு சேத்துக்கலாம்னு நெனைச்சேன்."

"கழட்டிருவோம் தங்கம்," என்றாள் வனிதா. அவள் விரல்கள் முதல் கிளிப்பைத் தேடின.

வாசலில் கார்க்கதவுகள் சாத்தும் சத்தம். நாதஸ்வரம் எழுந்தது. கழற்றினால் என்ன மிஞ்சும் என்று நித்யாவுக்குத் தெரியும். உச்சி வெளிச்சம், உடையப்பனின் கண், அந்தக் கண்ணில் ஒரு நொடி தட்டப்போகும் ஏமாற்றம். சாவைவிட அந்த நொடிக்குப் பயந்தாள்.

"வேணாங்க்கா. இருக்கட்டும்."

அதைத் தன் வாய்தான் சொன்னதா என்று பிறகு பலமுறை யோசித்தாள்.

சுட்டியைச் சாய்ந்த வகிட்டிலேயே வைத்தார்கள். புதுவிதமாக இருக்கிறதே என்று எல்லோரும் மெச்சினார்கள். உடையப்பன் குனிந்து, "போன்ல இவ்வளவு முடி தெரியலையே!" என்றான். நித்யா சிரித்தாள். தலை தானாக ஒருமுறை சிலுப்பிக்கொண்டது.

கல்யாணம் முடிந்து வனிதா கழற்ற வந்தாள். கிளிப்புகள் டக் டக்கென்று சுலபமாக விட்டன. மூன்று பட்டைகளும் அவள் கைக்கு வந்தன.

வெறும் பட்டைகள்.

தைத்த நூல் இருந்தது. முடி இல்லை. அது நித்யாவின் முதுகில் கனமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வனிதா ஓர் இழையைத் தொட்டு லேசாக இழுத்தாள். நித்யாவுக்கு வலித்தது.

வனிதா அவசரமாகப் பையைக் கட்டிக்கொண்டு போனாள்.

அன்றே நித்யா உடையப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சலை, தலையைச் சாய்த்துப் பேசியதை, மஞ்சள் துணியை. அவன் பட்டைகளை வெகுநேரம் புரட்டிப் பார்த்தான். "மொட்டைத் தலையோடவும் நீதான் எம் பொண்டாட்டி. பழனிக்குப் போவோம், கெளம்பு," என்றான். எல்லாவற்றையும் இவரிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று அவளுக்கு அழுகை வந்தது.

முடி இறக்குமிடத்தில் கத்தி ஓடியபோது அவள் உமையாளையே நினைத்துக்கொண்டிருந்தாள். தம்பி பிழைக்க வேண்டும் என்ற பதைப்பில் வேண்டிக்கொண்டவள். கொடுக்க அவளுக்கு மனம் வந்திருக்குமா? எவர் கண்ணிலும் படாமலே வெட்டப்பட்ட அந்த அழகை நினைத்து, அவளும் இப்படி அழுதிருப்பாளோ?

முடி முழுவதும் தரையில் விழுந்தது. தலை லேசானது. உடையப்பன் சந்தனத்தைக் கரைத்து, விட்டுப்போகாமல் தலை முழுக்கப் பூசிவிட்டான். கடன் தீர்ந்தது என்று சீதை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கீழே இறங்கி வந்து காரில் ஏறினார்கள். வெயிலில் சந்தனம் காய்ந்து இறுகியது. பாதி வழியில், மண்டையில் அந்தக் குளிர்ந்த கோடு மறுபடி ஓடுவதை நித்யா உணர்ந்தாள். கையை உயர்த்தவில்லை. முன்சீட்டில் இருந்தபடி, மேலே தொங்கிய சிறு கண்ணாடியை மட்டும் தன் பக்கம் மெல்லத் திருப்பினாள்.

காய்ந்த சந்தனத்தைக் கீறிக்கொண்டு, நெற்றியிலிருந்து உச்சிக்கு, இடப்பக்கம் சாய்ந்து ஒரு வகிடு போய்க்கொண்டிருந்தது.