கூவி தாமதமாகக் கத்தியது

“நாளைக்கு என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பறாங்க சார். ஆனா எந்த தைரியத்துல வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றது? அந்த வீட்லதானே யாரோ அவரைக் கொல்லப் பாத்தாங்க!”

வந்த பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே இருந்தவர் முன்பு தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். ஊரில் இன்னமும் ‘ஆய்வாளர்’ என்றுதான் பெயர். பக்கத்தில் அவருடைய நண்பர் நிருபர், கேள்விகளை அடக்க முடியாமல் நெளிந்துகொண்டிருந்தார்.

அவள் கணவர் பொறியாளர். மூடிய அறைகளில் நைட்ரஜன் கசிந்தால் நிறமும் தெரியாது, மணமும் தெரியாது. வேலை செய்பவன் காரணமே புரியாமல் சுருண்டு விழுவான். காற்று கெட்ட உடனே ஊரைக் கூட்டுவதுபோல் அலறும் ஒரு பெட்டியை அவர் செய்திருந்தார். வீட்டில் அதற்குப் பெயர் கூவி. புதுக் கண்டுபிடிப்புகளுக்கான அரசு மானியம் அதற்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மானியக் குழு நேரில் பார்த்து ஒப்புக்கொண்டால், கூவியை வாங்கும் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் பாதி விலையை அரசே தரும்.

“குழு வர்றதுக்கு முந்தின நாள் பட்டப்பகல்ல, சோதனை அறையில மயங்கிக் கிடந்தார். கூவி கத்துச்சு, ஆனா ரொம்ப தாமதமா. பெட்டி சரியில்லன்னு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க. அவருக்கோ அன்னைக்கு நடந்தது எதுவும் ஞாபகமில்ல.”

“யார் மேல சந்தேகம்?” என்று நிருபர் முந்திக்கொண்டார்.

அவள் தலை குனிந்தாள். “கொழுந்தன் மேல. பட்டறையில பங்கு கேட்டு அவர்கிட்ட சண்டை போட்டுக்கிட்டே இருந்தான்.”

அன்று மாலையே ஆய்வாளரும் நிருபரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். கீழே ஒரு பக்கம் பட்டறை, மறு பக்கம் சோதனை அறை. இரண்டுக்கும் இடையில் நீண்ட நடை. அதன் கோடியில் மாடிப்படி. சோதனை அறைக்கான மின்சுவிட்சு படியடியில் இருந்தது. அறைக்குள் காற்றோட்டமே இல்லை. பொறியாளர் விழுந்த இடத்தில் அவருடைய கண்ணாடி இன்னும் கவிழ்ந்து கிடந்தது. எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை போலும்.

ஆய்வாளர் அந்த அறைச் சுவரில் இருந்த பழைய மின்கடிகாரத்தையும் தம் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் கால் மணி நேரம் பின்தங்கியிருந்தது.

கொழுந்தன் எண்ணெய்க் கையைத் துடைத்தபடி வந்து நின்றான். “கடிகாரமா? அன்னைக்குக் காலையில அண்ணனே சரி பண்ணி வச்சாரு. சோதனைக்கு நேரம் முக்கியம்னு. நான் லேத்துல இருந்தேன். கூவி கத்துச்சு, ஓடிப்போய்க் கதவைத் திறந்து அண்ணனை இழுத்துப் போட்டேன். நம்பறதும் நம்பாததும் அண்ணி இஷ்டம்.” அண்ணியின் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனான்.

மாடியிலிருந்து இறங்கி வந்தவர் அவளுடைய சொந்த அண்ணன். மானியம் கேட்கும் நிறுவனங்களுக்கு ஆலோசகர். தங்கைக்கு ஆறுதல் சொல்லி, விருந்தாளிகளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

“நான் மேலே கணினியில வேலையா இருந்தேன் சார். அன்னைக்கு லேத்துல இரும்பு கடையற சத்தம் ஒரு நிமிஷம்கூட ஓயல, தலைவலியே வந்துடுச்சு. கரண்ட் வந்ததும் கூவி கத்துச்சு. இறங்கி வந்தா, அதுக்குள்ள தம்பி கதவைத் திறந்துட்டாரு. மாப்பிள்ளை பொழைச்சது தெய்வச் செயல்.”

ஆய்வாளர் தலையசைத்தார்.

மறுநாள் காலை, கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, நைட்ரஜன் குழாயை ஆய்வாளர் கூவியின் வாயருகே வைத்தார். அந்தக் கணமே அது வீடே அதிர அலறியது. படியடிக்குப் போய்ச் சுவிட்சை அணைத்தார், பெட்டி வாயடைத்துப்போனது. மறுபடி போட்டார், மறுபடி அலறல்.

“பெட்டியில ஒரு குறையும் இல்லம்மா. உங்க வீட்டுக்காரர் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சோதனையை ஆரம்பிச்சிருக்கார். யாரோ வெளியிலிருந்து கரண்டை நிறுத்தியிருக்காங்க. பெட்டி ஊமையாச்சு, கடிகாரமும் நின்னுது. கால் மணி நேரம் கழிச்சுத் திரும்பப் போட்டதும் ரெண்டுக்கும் உயிர் வந்துச்சு. செத்திருப்பார்னு நினைச்சுத்தான் போட்டிருக்காங்க.”

“கொழுந்தன்தான்! சொன்னேன்ல!” என்று நிருபர் துள்ளினார்.

“லேத்துல கடையற சத்தம் ஓயவே இல்லைன்னு உங்க அண்ணனே சொன்னாரும்மா. கை வைக்காம லேத் கடையாது. அப்படின்னா உங்க கொழுந்தன் அங்கேயிருந்து நகரல. லேத்தும் ஓடுது, மேலே கணினியும் ஓடுது. வீட்ல கரண்ட் போகவே இல்ல. போனது இந்த ஒரு அறையில மட்டும். அது யாருக்கும் தெரியாது. அப்புறம் ‘கரண்ட் வந்ததும்’னு ஒருத்தர் எப்படிச் சொன்னார்?”

அவள் மாடிப்படியைப் பார்த்தாள். “அண்ணனா? அண்ணன்தானே எங்களுக்கு இந்த மானியமே வாங்கித் தந்தது...”

“காலையில மானிய அலுவலகத்துல விசாரிச்சேன். இதே பெட்டியை இன்னொரு நிறுவனம் தன்னோடதுன்னு காட்டியிருக்கு. அதுக்கும் ஆலோசகர் அவர்தான். குழு இங்கே வந்திருந்தா ஒரே பார்வையில குட்டு வெளிப்பட்டிருக்கும். உங்க வீட்டுக்காரரும் இருக்கக்கூடாது, இந்தப் பெட்டியும் உருப்படாததுன்னு ஆகணும். சரி, உங்க அண்ணன் எங்கே?”

அவள் வாசலைப் பார்த்தாள். “காரை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார். என் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வர.”

ஆய்வாளர் காவல் நிலையத்தை அழைத்தார். அதற்குள் அவள் தன் கைப்பேசியை எடுத்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். குரல் வழக்கம்போல் வந்தது.

“அண்ணா, கிளம்பியாச்சா?”

“மாப்பிள்ளை பின்னாடி தூங்கறார்மா. ஏரிப் பக்கமா சுத்தி வர்றேன். நல்ல காத்து கிடைக்கட்டும்.”

அவள் கண்களை மூடிக்கொண்டாள். “வேண்டாம்ணா, நேரா வந்துடு. கொழுந்தனைப் போலீஸ் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. பெட்டியும் உருப்படாதுன்னு ஆயிடுச்சு. மானியமே வேண்டாம்னு அதிகாரி முன்னால அவர் கையெழுத்துப் போடணுமாம். அவர் வாயால சொன்னாத்தான் செல்லுமாம். அதிகாரி இங்கேயே காத்திருக்கார்.”

மறுமுனையில் வண்டியின் உறுமல் மட்டும் கேட்டது.

“அப்படியா?” என்றது குரல். “சரி. திருப்பறேன்.”

பட்டறைக்குள் இரண்டு காவலர்கள் வந்து மறைந்து நின்றார்கள். தெருவில் போன ஒவ்வொரு வண்டிக்கும் அவள் வாசலுக்கு ஓடினாள்.

கடைசியில் கார் வந்தது. நிற்பதற்கு முன்பே பின்கதவைத் திறந்தாள். கணவர் தூக்கக் கலக்கத்தோடு சிரித்தார். அவரைத் தோளோடு அணைத்து உள்ளே கொண்டுபோய், கொழுந்தனின் கையில் ஒப்படைத்தாள். “பத்திரமா பாத்துக்கப்பா,” என்றாள். அவன் அண்ணனை இறுகப் பிடித்துக்கொண்டான்.

ஆலோசகர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கொழுந்தனைப் பார்த்தார், பட்டறையிலிருந்து வெளிவந்த காவலர்களைப் பார்த்தார்.

“என்னம்மா இது? கையெழுத்துன்னு சொன்னியே?”

“பொய் சொன்னேன்ணா,” என்றாள் அவள். “விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து உங்கிட்ட நான் சொன்ன முதல் பொய்.”