பலகை மேல் உட்கார்ந்த வௌவால்

அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி மாடிப்படி ஏறி வந்தவள், வீட்டிலேயே அழுது முடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்பது மலர்விழிக்குப் பார்த்ததுமே தெரிந்தது. பின்னால் ஒரு வாட்டசாட்டமான ஆள் பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தான்.

விழுப்புரம் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் இருந்தது மலர்விழியின் துப்பறியும் அலுவலகம். முன்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, விபத்து நிஜமா ஜோடனையா என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவள். அவளுக்குக் கூடமாட இருப்பவன் பச்சைமுத்து. ஆட்டோ ஓட்டுவது அவனுக்குப் பிழைப்பு, குற்றவாளியைக் கண்டுபிடிப்பது ஆசை. இதுவரை ஒரு கேஸில்கூடச் சரியான ஆளைச் சொன்னதில்லை. அதற்காக அவன் அசந்ததும் இல்லை.

"என் பேரு அஸ்வினிங்க. திண்டிவனத்துலருந்து வர்றேன். இது எங்க அண்ணன் செல்வகுமார், இங்கதான் ஜெர்சி பிரிண்டிங் கடை வச்சிருக்குது" என்றாள் அவள். பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பேய் பங்களா. கட்டிங் மெஷினில் வெட்டிய வண்ண அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் இடைவெளி விட்டு ஒட்டியிருந்தாள். ஆரஞ்சு வானம், அதன் முன்னால் பங்களா, அதற்கும் முன்னால் பல்லை இளிக்கும் பறங்கிக்காய்கள், எல்லாவற்றுக்கும் முன்னால் இரும்பு கேட். இடப்பக்கம் ஒற்றைப் பனைமரம், வலப்பக்கம் நிலா. கேட்டில் தொங்கிய பலகையில் 'உள்ளே வராதே' என்று எழுத்து வெட்டியிருந்தது. எட்டிப் பார்த்தால் நிஜமாகவே உள்ளே நடந்து போகலாம் போலிருந்தது.

"ஹாலோவீனுக்குங்க. மரக்காணம் ரோட்டுல ஒரு ரிசார்ட்டுல கேட்டிருந்தாங்க. எடுத்துக்கினு போனா, 'இது ஏற்கெனவே வந்துடுச்சே, காப்பியடிச்சிக்கினு வந்திருக்கியேம்மா'ன்னு எல்லாரு எதுருலயும் மேனேஜர் கேக்கறாரு." அஸ்வினி போனில் ஒரு படத்தைக் காட்டினாள். "டெக்கரேஷன் வெங்கடாசலம் குடுத்ததாம்."

அதே பங்களா. ஆனால் பனைமரம் வலப்பக்கம், நிலா இடப்பக்கம். பலகை மேல் மட்டும் ஒரு கறுப்பு வௌவால் உட்கார்ந்திருந்தது.

"இந்த டிசைன் உங்களத் தவிர யார்கிட்ட இருந்துச்சு?"

"ஜெசிந்தாகிட்ட மட்டும்தாங்க. சின்ன வயசுலருந்து ஃபிரண்டு. நான் வெட்டுவேன், அவ ஒட்டுவா. வேற யாருக்கும் குடுக்கல."

"அவதாங்க. நேரா வச்சா மாட்டிக்குவோம்னு இடம் வலம் மாத்திட்டா" என்றான் செல்வகுமார். "அவ தெருவுக்கே போயி பையக் கொட்டிப் பாத்தோம். ஒண்ணும் கிடைக்கல. எங்க ஒளிச்சாளோ! அவங்க ஆளுங்க அப்படித்தான். இதுக்கு எதுக்கு டிடெக்டிவ்வுன்னு சொன்னா இவ கேக்கல."

மலர்விழி அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆர்டர் போனா போவுதுங்க" என்றாள் அஸ்வினி. "அவதானான்னு மட்டும் எனக்குத் தெரியணும். அவளே இப்படின்னா, நான் இனிமே யார நம்பறது? ஆடி மாசம் லேப்டாப் படுத்துக்கிச்சு. அண்ணன்தான் எடுத்துக்கினு போயி சரி பண்ணிக் குடுத்துச்சு. அதுலருந்து ராப்பகலா உக்காந்து வரைஞ்சதுங்க இது. கூடவே உக்காந்துருந்தா அவ."

அவர்கள் இறங்கிப் போனதும் பச்சைமுத்து தீர்ப்பு சொல்லிவிட்டான். "ஜெசிந்தாதான் மேடம். கேஸ் முடிஞ்சுது."

"அப்ப அவங்க இல்லன்னு பாதி முடிவு பண்ணிடலாம். ஆட்டோவ எடு, திண்டிவனம் போவணும்" என்றாள் மலர்விழி.

வெங்கடாசலத்தின் கடையில் பூவும் பலூனும் தெர்மாகோல் எழுத்துகளும்தான் இருந்தன. கட்டிங் மெஷின் இல்லை. மேனேஜருக்கு ஒன்று கொடுத்தது போக, அதேபோல இன்னொரு பங்களா மேசைமேல் இருந்தது. பச்சைமுத்து தன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு என்று சொல்லி பலூன் ஆர்ச்சுக்கு விலை கேட்டான். அவனுக்கு மகளே கிடையாது. அந்த நேரத்தில் மலர்விழி வௌவாலின் இறக்கையை நகத்தால் மெல்ல நெம்பினாள். காகிதமாக இருந்தால் கிழிந்திருக்கும். அது ரப்பர் மாதிரி இழுபட்டது. அடியில் 'உள்ளே வராதே' இருந்தது, கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பிய எழுத்தில்.

"யாரு செஞ்சதுங்க இது?"

"தெரிஞ்ச இடத்துல வாங்கினது. பேரு சொல்லக் கூடாதுன்னு கண்டிஷனு" என்றார் வெங்கடாசலம்.

ஜெசிந்தா வீட்டு வாசலில் அவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. "அஸ்வினி அனுப்பிச்சாளா? அப்போ எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பாத்தீங்களா, பதில் சொல்ல முடியல" என்றான் பச்சைமுத்து.

"சொல்ல முடியாம இல்ல. சொல்லப் பிடிக்கல."

திரும்பும் வழியில் செல்வகுமாரின் கடைக்குப் போனார்கள். மெஷின் எப்படி வெட்டுகிறது என்று காட்டச் சொன்னாள் மலர்விழி. அவன் சந்தோஷமாகக் காட்டினான். கம்ப்யூட்டரில் 'முருகையன்' என்று அடித்து, திரையைப் பார்க்காமலே ஒரு பட்டனைத் தட்டினான். ஜெர்சியில் ஒட்டுகிற சிவப்பு வினைல் ஷீட்டில் மெஷின் பெயரைத் திருப்பி வெட்டியது.

"இன்னா தலைவரே, பேரு ஏறுமாறா இருக்குதே?" என்று பதறினான் பச்சைமுத்து.

"அயர்ன் பண்ணும்போது கவுத்து வைப்போம்ல, நேரா வந்துரும்." அவன் சொன்னபடியே ஜெர்சியில் பெயர் நேராக விழுந்தது. சுவரில் விக்கிரவாண்டி கபடி அணியின் ஜெர்சிகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு கையிலும் ஒரு கறுப்பு வௌவால், ஒரு காது நீளமாகவும் ஒரு காது கட்டையாகவும். மலர்விழி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் மலர்விழி கூப்பிட்டதன் பேரில் அஸ்வினி வீட்டு ஹாலில் எல்லோரும் கூடினார்கள். வெங்கடாசலம் தன் பங்களாவை மடியில் வைத்திருந்தார். செல்வகுமார் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஜெசிந்தா உள்ளே வரவில்லை, கதவோரமே நின்றாள்.

"திருடினவங்க மாட்டிக்கக் கூடாதுன்னு டிசைனைத் திருப்பிட்டாங்கன்னு சொன்னீங்க" என்று மலர்விழி தொடங்கினாள். "வேணும்னே திருப்புறவங்க மொதல்ல எழுத்தத்தான் எடுப்பாங்க. ஏன்னா திருப்பினா அதுதான் காட்டிக் குடுக்கும். இங்க எழுத்து அப்படியே இருக்கு, மேல ஒரு வௌவால ஒட்டி மறைச்சிருக்காங்க. அப்படின்னா, திருப்பினது வெட்டினவங்களுக்கே தெரியல. அஸ்வினி, எந்த லேயரை மொதல்ல ஒட்டுவீங்க?"

"பின்னாடி வானத்துலருந்து ஆரம்பிப்போம். கேட்டு கடைசியா."

"எல்லா லேயரும் சேந்து திரும்பியிருந்ததால ஒண்ணோட ஒண்ணு சரியாப் பொருந்திச்சு. சந்தேகமே வரல. கடைசியா கேட்டை வைக்கும்போதுதான் எழுத்து கண்ணுல பட்டிருக்கு. கேட்டை மட்டும் நேரா வெட்டினா பின்னால இருக்கறதோட பொருந்தாது. அதனால கைக்குக் கிடைச்சத எடுத்து மறைச்சாச்சு."

"பேப்பர யாராவது தெரியாம திருப்புவாங்களா?" என்று கேட்டாள் அஸ்வினி. "திருப்பற பட்டனுக்கே எனக்கு வேலை இல்லீங்களே."

"உங்களுக்கு இல்ல. நாள் பூரா அந்தப் பட்டனைத் தட்டறவங்களுக்கு, கண்ணு பாக்கறதுக்கு முன்னாடியே கை போயிடும்."

பச்சைமுத்துவின் வாய் திறந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் யார் பெயரையும் சொல்லவில்லை.

மலர்விழி வெங்கடாசலத்தின் பங்களாவை வாங்கி, அதன் பக்கத்தில் ஒரு கபடி ஜெர்சியை விரித்தாள். பச்சைமுத்து காலையில் அந்த அணிப் பையன்களிடம் கேட்டு வாங்கி வந்தது. ஒரே வௌவால். ஒரு காது நீளம், ஒரு காது கட்டை.

"இது அட்டை இல்ல, ஜெர்சி வினைல். அயர்ன் வச்சு ஒட்டினது. லேப்டாப் யார் கைக்குப் போயிட்டு வந்துச்சுன்னு நீங்களே சொன்னீங்க அஸ்வினி. உங்களுக்குச் செஞ்ச உதவியாத்தான் சொன்னீங்க. சரி பண்ணும்போதே உங்க அக்கவுண்ட்ட ஜெர்சி கடை கம்ப்யூட்டர்லயும் போட்டு வச்சாச்சு. அதுக்கப்புறம் நீங்க வரையறதெல்லாம் அங்கயும் போயி விழுந்துக்கிட்டு இருந்திருக்கு."

அஸ்வினி தலையைத் திருப்பி அண்ணனைப் பார்த்தாள். அவன் இல்லையென்று சொல்லிவிட வேண்டும் என்று அவள் கண்கள் கெஞ்சின.

"மெஷின் வாங்கிக் குடுத்தது நானு" என்றான் செல்வகுமார், தரையைப் பார்த்துக்கொண்டு. "கத்துக் குடுத்தது நானு. இப்போ என் கடைக்கு வர்றவன்லாம் 'அஸ்வினி அண்ணன் கடை'ன்றான். என் பேரு இன்னான்னு ஒருத்தனுக்கும் தெரியல. எனக்கும் வரும்னு ஒருவாட்டி காட்டணும்னு தோணுச்சு. இவ்ளோ பேஜாராவும்னு நெனைக்கல."

"கேட்டிருந்தா நானே குடுத்துருப்பேனேண்ணா!" அஸ்வினி வெடித்து அழுதாள். "பையக் கொட்டும்போது கூட நின்னியே. நீதான கொட்டுன! உனக்குத் தெரியும்ல, அவ இல்லன்னு தெரியும்ல!"

செல்வகுமார் எழுந்து வெளியே போனான். பைக் கிளம்பிய சத்தம் கேட்டது. வெங்கடாசலம், மேனேஜரிடம் தானே உண்மையைச் சொல்லிவிடுவதாக முனகிவிட்டு நழுவினார்.

அஸ்வினி கதவோரம் போய் ஜெசிந்தாவின் கையைப் பிடித்தாள். "மன்னிச்சுக்கடி. எங்க அண்ணனே இப்படிப் பண்ணும்னு நான் எப்படி நெனைப்பேன்?"

"ஆமா, எப்படி நெனைப்ப?" ஜெசிந்தா கையை உருவிக்கொள்ளவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. "யாருகிட்ட டிசைன் இருந்துச்சுன்னு தேடுனப்போ உங்க அண்ணன் பேரு உன் வாயில வரவே இல்ல. என் பேரு ஜல்தியா வந்துருச்சு. பையக் கொட்டும்போது உங்க ஆளுங்க அப்படித்தான்னு அவரு சொன்னப்போ நீயும் பக்கத்துலதான நின்னுக்கினு இருந்த?"

எதையாவது செய்தாக வேண்டும் போலிருந்தது அஸ்வினிக்கு. "உள்ள வா. சோறு ஆக்கி வச்சிருக்கேன். சாப்புட்டுக்கினே பேசலாம்" என்றாள்.

ஜெசிந்தா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"ரிசார்ட்டுல திரும்பக் கூப்புடுவாங்க. ஒட்டறதுக்கு ஆள் வேணும்னா சொல்லு, வர்றேன். வேலைக்கு வர்றேன்" என்றாள். "உன் வூட்ல கை நனைக்க மாட்டேன்."

அவள் தெருமுனை திரும்பும் வரை அஸ்வினி வாசலிலேயே நின்றாள். தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவள் கேட்டது தெரிந்துவிட்டது. துரோகம் செய்தவள் ஜெசிந்தா இல்லை.