மீன்குஞ்சுக்கு நீச்சல் தெரியாது

சுண்டெலி என்பதைச் சுருக்கி எல்லோரும் அவளைச் சுண்டு என்று கூப்பிட்டார்கள். வயது பத்து. அந்த ஊரில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. அவளுடைய அப்பாவை ஊருக்கே தெரியும். அப்பாவால் அவளையும் தெரியும்.

அப்பா கடற்படையில் முக்குளிப்பவராக இருந்தார். கப்பலின் அடியில் பழுது வந்தால் தண்ணீருக்குள் போய்ச் சரிசெய்வது அவர் வேலை. மூன்று வருடங்களுக்கு முன்பு, லீவு முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய விமானத்தை, துப்பாக்கி வைத்திருந்த நாலு பேர் கடத்திவிட்டார்கள். எங்கோ ஓர் ஓடுபாதையில் அதை இறக்கி, பயணிகளை இரண்டு நாள் எழவிடாமல் உட்காரவைத்தார்கள்.

உள்ளே படைவீரர் ஒருவர் இருக்கிறார் என்று கடத்தியவர்களுக்குத் தெரிந்துவிட்டது. முடியை ஒட்ட வெட்டியிருந்த ஒரு பல் மருத்துவர்தான் அந்த ஆள் என்று நினைத்து, அவரைப் போட்டு அடித்தார்கள். அவர் இல்லை இல்லை என்று கதறியும் விடவில்லை.

அப்பா எழுந்து நின்றார். "அவரை விடுங்க. நீங்க தேடுற ஆள் நான்தான்" என்றார்.

அவரைச் சுட்டுவிட்டார்கள். மறுநாள் மற்ற பயணிகள் எல்லோரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அந்தப் பல் மருத்துவர் முகத்தில் கட்டோடு சுண்டுவின் வீட்டுக்கு வந்து, நடந்ததைச் சொல்லிவிட்டு வெகுநேரம் அழுதார்.

இப்போது ஊரில் புதிதாக ஒரு நீச்சல் குளம் கட்டி, அதற்கு அப்பாவின் பெயரை வைத்திருந்தார்கள். நகராட்சித் தலைவர் பள்ளிக்கூடத்துக்கே வந்து அதை அறிவித்தார். திறப்பு விழாவன்று இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை முதலில் நீந்தப்போவது சுண்டுதான் என்றும் சொன்னார்.

"மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லித்தரணுமா என்ன?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

கைதட்டலில் கூரை பிய்ந்துவிடும்போல் இருந்தது. சுண்டு மட்டும் கைதட்டவில்லை. ஏனென்றால் இந்த மீன்குஞ்சுக்கு நீச்சல் தெரியாது.

அப்பா ஒவ்வொரு லீவிலும் கற்றுத்தருவதாகத்தான் சொல்வார். ஒரு லீவில் விடாத மழை. ஒரு லீவில் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. கடைசி லீவில், "அடுத்த தடவை கட்டாயம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா நகரப் பேருந்து ஓட்டுபவர். வேலை முடிந்து வந்ததும் விஷயத்தைக் கேட்டு, தலைவருக்குப் போன் செய்து முடியாது என்று சொல்லிவிடலாம் என்றார். சுண்டு ஒப்புக்கொள்ளவில்லை. விழாவுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறதே, அதற்குள் கற்றுக்கொள்கிறேன் என்றாள்.

"பதினோரு நாள்ல நான் பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கக்கூடக் கத்துக்கல" என்றார் அம்மா. ஆனாலும் மறுநாளே அவளைக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

குளம் இன்னும் திறக்கவில்லை என்றாலும், அங்கே நீச்சல் சொல்லிக்கொடுக்க வந்திருந்தவர் அவளை உள்ளே விட்டார். அவருக்கு விசில் அக்கா என்று பெயர். அவர் வாயால் பேசியதைவிட விசிலால் பேசியதுதான் அதிகம். ஒரு விசில் என்றால் காலை உதை. இரண்டு என்றால் மூச்சை விடு. மூன்று என்றால், மூக்கில் தண்ணீர் போய்விட்டது, மேலே வா.

சுண்டுவுக்கு முதல் நாள் முழுக்க மூன்று விசில்தான்.

பக்கத்து வீட்டு நண்பன் கண்ணாடி வேறு தன் பங்குக்கு உதவினான். சோடாப் புட்டிக் கண்ணாடி போட்டதால் அவனுக்கு அந்தப் பெயர். அவளை ஒரு பெஞ்சின்மேல் குப்புறப் படுக்கவைத்து, கையைக் காலை ஆட்டச் சொன்னான். பெஞ்சில் அவள் பிரமாதமாக நீந்தினாள். தண்ணீரில்தான் வம்பு.

பத்தாவது நாளில், குளத்தின் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்கத் தெரிந்தது. கம்பியை விட்டால் எட்டு எண்ணும்வரை மிதக்க முடிந்தது. ஒன்பதில் கல்லைப்போல் உள்ளே போனாள். குளத்தின் நீளமோ இருபத்தைந்து மீட்டர்.

காய்ச்சல் என்று படுத்துக்கொள் என்றான் கண்ணாடி. அல்லது காலில் பெரிய கட்டாகப் போட்டுக்கொள் என்றான். இரண்டும் சுண்டுவுக்குப் பிடிக்கவில்லை. அப்பா பெயர் எழுதியிருக்கும் இடத்தில் பொய்க் கட்டோடு போய் நிற்பதா?

அன்று மாலை, அம்மா வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று, நீச்சல் வகுப்பில் சேர வந்திருந்த படிவங்களைச் சுண்டு விசில் அக்காவுக்கு அடுக்கிக் கொடுத்தாள். 'நீச்சல் தெரியுமா?' என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. தெரியும் என்றவர்களை ஒரு பக்கம் வைத்தாள். தெரியாது என்றவர்களை இன்னொரு பக்கம் வைத்தாள். தெரியும் என்று பதினோரு தாள்தான் சேர்ந்தது. தெரியாதவர்களின் அடுக்கு சரிந்து கீழே விழுந்தது. விழுந்ததில் ஒரு தாள் கண்ணாடியினுடையது.

சுண்டு அந்த அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விசில் அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஆழமில்லாத பக்கத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம்?

"அறுபது பேர் தாராளமா நிக்கலாம். ஏன் கேக்கறே?" என்றார் விசில் அக்கா. காரணத்தைக் கேட்டதும், விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி நன்றாகத் துடைத்து வைத்துக்கொண்டார்.

விழாவன்று குளத்தைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. முன்வரிசையில் அந்தப் பல் மருத்துவரும் இருந்தார். அம்மா சீருடையோடு ஓட்டமாக வந்து சேர்ந்தார். தலைவர் நீளமாகப் பேசிவிட்டு, நீந்துவதற்குமுன் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி, சுண்டுவிடம் மைக்கைக் கொடுத்தார்.

சுண்டு மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு நீச்சல் தெரியாது. எங்க அப்பா சொல்லித்தரேன்னு சொன்னார். அவரால வரமுடியல. என்னை மாதிரி நீச்சல் தெரியாதவங்க இங்க எத்தனை பேர்? கை தூக்குங்க."

தலைவரின் சிரிப்பு பாதியில் நின்றது.

முதல் கை மேலே போனது. அது அம்மாவின் கை. அடுத்தது கண்ணாடி. அதற்கடுத்து அவள் வகுப்பே தூக்கியது. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு தூக்கினார்கள். பல் மருத்துவர் இரண்டு கைகளையும் தூக்கினார். தலைவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். தலையைச் சொறிவதுபோல் கையைக் கொண்டுபோய், அப்படியே மேலே உயர்த்திவிட்டார்.

குளம் அதிரச் சிரிப்பு எழுந்தது.

"அப்ப நாம எல்லாருமே சேர்ந்து இறங்கலாம். இந்தப் பக்கம் ஆழமில்ல. கம்பியைப் பிடிச்சுக்கணும், அவ்வளவுதான். நான் சொல்லித்தரேன்" என்றாள் சுண்டு.

விசில் அக்கா ஒரு விசில் அடித்தார். அறுபது பேர் வரிசையாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தார்கள். தண்ணீர் எழும்பி முன்வரிசை நாற்காலிகள் நனைந்தன. அம்மா சீருடையோடு உதைத்தார். பல் மருத்துவர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் உதைத்தார். சுண்டு கம்பியை விட்டுவிட்டு மிதந்தாள். எட்டு வந்தது. ஒன்பது வந்தது. பதினான்கில்தான் மூழ்கினாள்.

விழாவன்று அந்தக் குளத்தில் முதலில் நீந்தியது யார் என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

அடுத்த நாளிலிருந்து வகுப்பு நிரம்பி வழிந்தது. சுண்டு ஒரு நாளும் தவறவில்லை, அம்மாவையும் தவறவிடவில்லை. ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் ஒன்றாக இந்தக் கரையிலிருந்து புறப்பட்டார்கள். சுண்டு எங்கும் நிற்கவில்லை. கையை நீட்டியபோது விரலில் சுவர் பட்டது. இருபத்தைந்து மீட்டர்!

மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தாள். அம்மா குளத்தின் நடுவில், மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"வர்றேன், வர்றேன். சிக்னல் விழுந்துடுச்சு" என்றார் அம்மா.

"பச்சை விழுந்தாச்சும்மா, வா" என்றாள் சுண்டு.