கிராம்புப் பஞ்சு

ஜெஸ்மி வாய் கொப்பளித்தபோது வெளியே வரவேண்டிய பஞ்சு வரவில்லை.

யூனிஸ் வாஷ்பேசினில் விரலை விட்டுத் துழாவினாள். தலையணையை உதறினாள், குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்துப் பார்த்தாள். ம்ஹூம். கிராம்பு எண்ணெயில் நனைத்து, மிளகளவு உருட்டி, மகளுக்கு ஞானப்பல் பிடுங்கிய குழியில் அவளே வைத்த பஞ்சு. பல்லைப் பிடுங்கிய ஐசக் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "குழிக்குள்ள எதையும் வைக்காதீங்கக்கா. வீட்டு வைத்தியமெல்லாம் வேணாம். வலிச்சா மாத்திரை குடுங்க."

அந்த மாத்திரையைக் கொடுக்க யூனிஸுக்கு மனம் வரவில்லை. அவர்கள் சர்ச்சில் ஒரு பையன் இப்படித்தான் வலி மாத்திரையில் ஆரம்பித்து, அதை விடமுடியாமல் சீரழிந்துபோனான். டப்பாவை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, "டாக்டர் சாதா டைலனால் மாத்திரை மட்டும் போதும்னுட்டார்டி" என்று மகளிடம் சொன்னாள். சண்டே ஸ்கூலில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கிற அதே வாய், கொஞ்சமும் கூசாமல்.

"முழுங்கியிருப்பா" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். துளியூண்டு பஞ்சு, என்ன செய்துவிடும்?

வெளியே ரிச்சர்ட்சன் ஊர் முழுக்க ஐஸ் மழை. ரோட்டில் ஒரு கார் இல்லை. கணவன் ஃபிரெடி வேலைக்காக ஹூஸ்டன் போனவன் அங்கேயே மாட்டிக்கொண்டான். வீட்டுக்குள் ஹீட்டர் உஸ்ஸென்று ஊதிக்கொண்டிருக்க, ஜன்னலுக்கு வெளியே கிளைகள் ஐஸ் கனம் தாங்காமல் எங்கோ படக்கென்று முறிய, அந்த மத்தியான வேளையின் சாம்பல் வெளிச்சத்தில் மகள் மறுபடி முனகத் தொடங்கினாள். "மாம், இட் ஹர்ட்ஸ்." பெற்ற மனம் கேட்குமா? யூனிஸ் இன்னொரு பஞ்சை உருட்டி வைத்தாள். பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் அதுவும் இல்லை. இன்னொன்று வைத்தாள், இந்தமுறை கொஞ்சம் பெரிதாக. அதுவும் போயிற்று.

சாயங்காலத்துக்குள் கன்னம் வீங்கித் தாடைக்குக் கீழே இறங்கியிருந்தது. மாடியெல்லாம் கிராம்பு வாசனை. அதற்கு அடியில் வேறொரு வாசனை, தண்ணீர் மாற்றாத பூச்சாடியைப் போல. ஃபிரிட்ஜில் ஏதோ கெட்டுவிட்டது என்று எல்லாவற்றையும் எடுத்துக் கழுவினாள். கெட்டது எங்கே என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கழுவினாள், பாவி.

போனை எடுப்பாள், வைப்பாள். என்னவென்று சொல்வது? நீங்கள் வேண்டாமென்றதைத்தான் செய்தேன் டாக்டர், அதையும் ஒருமுறையல்ல என்றா? அவர் மனைவி காதில் விழுந்தால் அடுத்த ஞாயிறு சர்ச் முழுக்கத் தெரிந்துவிடும். பெற்ற பிள்ளை நெருப்பாய்க் கொதிக்கிறது, இவளுக்கு ஊர் வாய்தான் பெரிதாக இருந்தது.

அப்போதுதான் மாடியிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது.

யாரோ தாழ்ந்த குரலில், விடாமல். ஃபிரெண்டோடு போனில் பேசுகிறாள் என்று நினைத்துப் படியேறினாள். பாதிப் படியில் கால் நின்றது. அது தமிழ். இங்கேயே பிறந்த ஜெஸ்மி தமிழ் கேட்பாள், பேசமாட்டாள்.

கதவைத் திறந்ததும் சத்தம் நின்றது. மகள் கண்மூடிக் கிடந்தாள். போன் மேஜைமேல் இருந்தது. வீக்கம் இப்போது கழுத்தில். மூச்சு கரகரவென்று இழுத்தது.

ஐயோ, என் பிள்ளை செத்துப்போகும்.

ஐசக் டாக்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் கட்டில்மேல் வைத்தாள். மணி அடித்தது. அவர் பேசுவதற்குள் பஞ்சை எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் சொல்லவே தேவையில்லை. மகளின் இறுகிய பற்களுக்குப் பக்கவாட்டில் சுட்டுவிரலை நுழைத்தாள். சூடு. வழுவழுப்பு. குழி அகப்பட்டது.

விரல் உள்ளே போனது. முதல் கணு. இரண்டாவது கணு. அடி தட்டவில்லை. தாடை அவ்வளவு ஆழமா?

உள்ளே ஏதோ விரலைக் கவ்வியது. மெல்ல. பால்குடிக்கும் குழந்தை மாதிரி.

"சொல்லுங்கக்கா" என்றார் ஐசக் டாக்டர். "என்ன, கரகரன்னு மூச்சு இழுக்கிற சத்தம் கேக்குது? ஜெஸ்மிக்கு வீக்கம் கழுத்துக்கு வந்திருச்சா? அக்கா, உண்மையச் சொல்லுங்க. குழியில ஏதாச்சும் வச்சீங்களா? வச்சிருந்தா இப்பவே ஆம்புலன்ஸ் கூப்பிடணும்."

சொல்லிவிட வேண்டும். ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். யூனிஸ் வாயைத் திறந்தாள்.

"சே, இல்ல டாக்டர். வீக்கமெல்லாம் வத்திருச்சு. வெறும் உப்புத் தண்ணிதான்."

யூனிஸின் குரல்தான். அதே பாளையங்கோட்டை இழுப்பு. அசடு வழியும் அதே சிரிப்பு. ஆனால் அவள் நாக்கு அசையவில்லை. விரல் நுனியில் குரல் அதிர்ந்தது.

"அப்பாடா, பயந்தே போயிட்டேன். அப்ப ஐஸ் உருகினதும் கூட்டிட்டு வாங்க போதும்."

யூனிஸ் கத்தினாள். கழுத்து நரம்பு புடைக்க. காற்று மட்டுமே வந்தது.

"சரிங்க டாக்டர். கர்த்தர் உங்கள ஆசீர்வதிப்பாரு" என்றது ஜெஸ்மியின் கன்னம்.

போன் அணைந்தது. ஜெஸ்மி கண்களைத் திறந்து, நீர் வழிய, அம்மாவையே பார்த்தாள். மூச்சு இழுத்தது. நின்றது. உள்ளே இருந்தது விரலை விடவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்தது.